வர்த்தமானிக் காடும் பறவைக் கணக்கெடுப்பும்

ஒரு காட்டைப் பாதுகாக்கப்பட்ட காடாக ஆக்குவதற்கு இலங்கையில் வேண்டப்படுவது ஒரு வர்த்தமானி அறிவித்தலே. ஒப்பமும் எல்லை விவரணமும் அச்சேறிய நாள்முதல் அக்காடு சட்டத்தின் காவலுக்கு உட்படுகின்றது. ஆயின் அக்காட்டினுள் வாழ்வன யாவை, அவை எத்துணை, எப்பகுதியில் எப்பருவத்தில் வாழ்கின்றன என்னும் வினாக்களுக்கு அவ்வறிவித்தலில் விடை இல்லை. பல வேளைகளில் வேறெங்கும் விடை இல்லை. காவல் முதலிலும் அறிவு பின்னரும் வருவதே இந்நாட்டின் வழமையாகிவிட்டது. அறிவு பின்னராயினும் வருகின்றதா என்பதே இன்று எழுப்பப்பட வேண்டிய வினா.

வட மாகாணத்தை நோக்குக. 2015 யூன் 22ஆம் திகதி மடு வீதி, சுண்டிக்குளம், நெடுந்தீவு, ஆதாம் பாலம் ஆகிய நான்கு இடங்கள் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. இவற்றுள் சுண்டிக்குளம் 1938 முதலும் மடு வீதி 1968 முதலும் சரணாலயங்களாக இருந்தவை. 2016இல் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கமாயிற்று. அதன் பரப்பு 29,180 ஹெக்டேயர். 2017 மார்ச்சில் முசலிப் பகுதியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, விளாத்திக்குளம், பெரியமுறிப்பு முதலிய காடுகள் ஒன்றிணைக்கப்பட்டு, 40,030 ஹெக்டேயர் பரப்புடைய மாவில்லுப் பாதுகாக்கப்பட்ட காடு உருவாயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஒரு மாகாணத்தின் நிலப்படம் இவ்வாறு மாற்றி வரையப்பட்டது. இவற்றுக்கு முன்னோடியாக 2014இல் வெளிவந்த வட மாகாணத்துக்கான ஒருங்கிணைந்த சுற்றாடல் மதிப்பீடு இருந்தது உண்மையே. ஆயின் அது மாகாணம் முழுவதற்குமான நிலப் பயன்பாட்டுத் திட்டவரைபு. ஒரு காட்டின் உயிரினங்களை ஆண்டு முழுவதும் எண்ணிப் பார்த்த ஆய்வு அன்று. திட்டவரைபு செய்யும் வேலை வேறு. கணக்கெடுப்புச் செய்யும் வேலை வேறு.

பறவைக் கணக்கெடுப்பு என்றவுடன் பலர் மனத்தில் தோன்றுவது ஒரு பெயர்ப்பட்டியல். ஒரு குழுவினர் வாகனத்தில் வருவர். இரண்டு நாள் தங்குவர். வீதியோரத்தில் கண்ட பறவைகளின் பெயர்களை எழுதுவர். அறிக்கையின் பின்னிணைப்பில் அப்பட்டியல் இடம்பெறும். அண்மைக் காலத்தில் இதே வேலையைக் கைத்தொலைபேசியும் செய்கின்றது. உல்லாசப் பயணிகளும் ஒளிப்படக்காரரும் பதியும் பட்டியல்கள் இணையத்தில் குவிகின்றன. அவை பயனற்றவை என்று சொல்வதற்கில்லை. ஓர் இனம் அங்கு உண்டு என்பதற்கு அவை சான்று. ஆயின் ஓர் இனம் அங்கு இல்லை என்பதற்கு அவை ஒருபோதும் சான்றாகா. பட்டியல் எழுதுவோர் செல்லுமிடம் வீதி. செல்லும் காலம் விடுமுறை. தேடுவது அழகிய பறவை அல்லது அரிய பறவை. வீதியிலிருந்து இரண்டு மைல் உள்ளே, மழைக்காலத்தில், மங்கிய நிறமுடைய சிறு குருவி எவ்வளவு உண்டென்பதை எவரும் எழுதுவதில்லை.

பல்வகைமை என்பது இனங்களின் எண்ணிக்கை மாத்திரமன்று. இரண்டு காடுகளில் நாற்பது நாற்பது இனங்கள் காணப்படுகின்றன என்று கொள்வோம். ஒன்றில் அந்நாற்பதும் ஓரளவு ஒத்த தொகையில் வாழ்கின்றன. மற்றையதில் ஐந்து இனங்களே பத்தில் ஒன்பது பங்காக, ஏனைய முப்பத்தைந்தும் ஒன்றிரண்டாக எஞ்சி நிற்கின்றன. பட்டியலில் இரண்டும் ஒன்றே. உண்மையில் ஒன்று வளமான காடு, மற்றது வறண்டுபோகும் காடு. இவ்வேறுபாட்டை அறிய வேண்டுமாயின் எண்ண வேண்டும். எண்ணுவதற்கும் ஒழுங்கு வேண்டும். காட்டின் வெவ்வேறு பகுதிகளில் முன்கூட்டியே குறிக்கப்பட்ட புள்ளிகளில் நின்று, குறித்த நிமிடங்களுக்குள் கண்டனவற்றையும் கேட்டனவற்றையும் தூரத்தோடு குறிப்பது ஒரு முறை. நேர்கோட்டுப் பாதையில் நடந்து இரு மருங்கும் எண்ணுவது பிறிதொரு முறை. எம்முறையாயினும் அதே புள்ளியில், அதே பொழுதில், பருவம் தோறும், ஆண்டு தோறும் திரும்பச் செய்தல் வேண்டும். எத்தனை மணி நேரம் தேடப்பட்டது என்பதையும் எழுதுதல் வேண்டும். தேடிய நேரம் எழுதப்படாத பட்டியலை வேறெந்தப் பட்டியலோடும் ஒப்பிட முடியாது.

பருவம் என்பது இங்கு சிறு விடயமன்று. வடபால் நாடுகளிலிருந்து வரும் வலசைப் பறவைகள் ஓகஸ்ட், செப்தெம்பர் அளவில் வரத் தொடங்கி ஏப்பிரல் அளவில் மீள்கின்றன. வன்னிக் காட்டிற்கு வடகீழ்ப் பருவமழையே உயிர். மழைக்குப் பிந்திய மாதங்களில் குளங்கள் நிறைந்திருக்கும்போது காணப்படும் காடு ஒன்று. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் குளம் வற்றி நிலம் வெடித்திருக்கும்போது காணப்படும் காடு வேறொன்று. பாலையும் வீரையும் பழுக்கும் காலத்தில் பழந்தின்னும் பறவைகள் கூடும் இடம் ஏனைய காலங்களில் வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு பருவத்தில் எடுத்த கணக்கை ஆண்டுக் கணக்காகக் காட்டுவது, அறுவடைக் காலத்தில் மட்டும் கிராமத்துக்குச் சென்று விவசாயியின் வருமானத்தைக் கணிப்பதற்கு ஒப்பாகும்.

நன்கு ஆராயப்பட்ட காடும் முழுமையாக அறியப்பட்ட காடு அன்று என்பதற்குச் சிங்கராசக் காட்டின் வரலாறே சான்று. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்கொண்டு அங்கு மரம் தறிக்கப்பட்டது. பொதுமக்களின் எதிர்ப்பால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கமாகவும் 1988இல் உலக மரபுரிமைத் தலமாகவும் அக்காடு ஏற்கப்பட்டது. பல இனப் பறவைகள் ஒன்றுகூடி இரைதேடும் கலப்புக் கூட்டங்கள் பற்றிய ஆய்வு அங்கு 1980களின் தொடக்கத்திலிருந்து பல்கலைக்கழக ஆய்வாளரால் நடத்தப்பட்டு வந்தது. இலங்கையில் அதனிலும் கூர்ந்து நோக்கப்பட்ட காடு அரிது. அவ்வாறிருந்தும் தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் வாழும் ஒரு சிறு ஆந்தை, 1995இல் தீபால் வறக்காகொட என்பவரால் குரல்கொண்டு உணரப்பட்டு, 2001இலேயே கண்ணாற் காணப்பட்டது. 2004இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 1868க்குப் பின் இலங்கையில் கண்டறியப்பட்ட முதலாவது புதிய உள்நாட்டுக்குரிய பறவை அதுவே. சிங்கராசவைக் காக்க முன்னின்ற திலோ ஹொஃப்மனின் பெயர் அதன் விஞ்ஞானப் பெயரில் இடம்பெற்றது. காட்டைக் காத்தவரின் பெயர் பெற்ற அவ்வாந்தை, காடு காக்கப்பட்டிராவிடின் பெயரின்றியே அழிந்திருக்கும். இரவில் காது கொடுத்துக் கேட்ட ஒருவர் இல்லாதிருந்தால், காக்கப்பட்ட காட்டிலும் அது பெயரின்றியே இருந்திருக்கும். காவலும் கணக்கும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை.

ஈரவலயத்திலேயே நிலை இதுவாயின் வடபுலத்துக் காடுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இந்நாட்டுக்கே உரிய பறவைகளிற் பெரும்பாலானவை ஈரவலயத்தில் வாழ்வதால் ஆய்வாளரின் நாட்டம் அங்கேயே குவிந்தது. அதன் மேல் முப்பது ஆண்டுப் போர் வடக்கின் காடுகளை ஆய்வுக்கு மூடிவிட்டது. ஆயின் வடபுலத்தில் அறிய எதுவுமில்லை என்பது தவறு. நாட்டின் உரிமைப் பறவைகளான காட்டுக்கோழியும் இலங்கைச் சாம்பல் இருவாட்சியும் உலர்வலயக் காடுகளிலும் வாழ்பவை. கவுதாரியும் கருங்கரிக்குருவியும் இலங்கையில் வடக்கு, வடமேற்குப் பகுதிகளுக்கே சிறப்பாக உரியவை. தென்னிலங்கைக் காட்டில் பெற்ற அறிவை வன்னிக்குப் பொருத்திக்காட்டுவது, ஆராயாமல் விடுவதிலும் கேடு பயப்பது. அறியாமை அங்கே அறிவின் உடையணிந்து நிற்கின்றது.

இனி, கணக்கெடுப்பு இன்மையால் யார் நட்டமடைகின்றனர் என்பதை நோக்குதல் வேண்டும். 2024 மேயில் விடத்தல்தீவு ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்பிற்காக நீக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாட, அவ்வாண்டிலேயே இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. வர்த்தமானியால் வந்த காவலை வர்த்தமானியே எடுத்துவிடலாம். நீதிமன்றம் காலத்தை வாங்கித் தரலாம். சான்றைத் தர இயலாது. குறித்த அந்நிலத்தில் எவ்வினங்கள் எப்பருவத்தில் எத்தொகையில் தங்குகின்றன என்று ஆண்டு ஆண்டாக எழுதப்பட்ட கணக்கு மாத்திரமே, எந்த அரசாங்கம் வந்தாலும், அந்நிலத்தின் பக்கம் நின்று பேசும்.

கணக்கெடுப்பு காட்டிற்கு மட்டுமே துணை என்று கருதுவதும் பிழை. முசலியின் வழக்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1990 ஒக்தோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். முசலியின் கிராமங்கள் ஆளற்றுப் போயின. போர் 2009இல் முடியும்வரை பத்தொன்பது ஆண்டுகள் வயலிலும் வளவிலும் பற்றை எழுந்து மரமாயிற்று. மக்கள் மீளத் தொடங்கியபோது அவர்கள் காணி எனக் காட்டிய இடங்கள் காடாகத் தோன்றின. 2012இல் அப்பகுதியின் சில காடுகள் வர்த்தமானியில் ஒதுக்கக் காடுகளாயின. 2017இல் மாவில்லு வந்தது. ஒரு சாரார், மக்கள் காட்டை அழிக்கின்றனர் என்றனர். மறு சாரார், காட்டின் பெயரால் காணி பறிக்கப்படுகின்றது என்றனர். இரு சாராரும் இன்றுவரை தம் குரலை உயர்த்தியே வாதாடுகின்றனர். வானிலிருந்து எடுத்த படத்தில் பச்சை நிறம் தெரியும். அது இருநூறு ஆண்டுப் பச்சையா, இருபது ஆண்டுப் பச்சையா என்பது எளிதில் தெரியாது.

இவ்விடத்திற் பறவை சாட்சி சொல்லும். இருவாட்சி முதுமரத்தின் பொந்திலேயே கூடமைக்கின்றது. பெட்டை பொந்தினுள் தன்னை அடைத்துக்கொள்ள, ஆண் வெளியிலிருந்து இரை ஊட்டுகின்றது. அத்தகைய பொந்து இருபது ஆண்டு மரத்தில் அமைவது அரிது. பெரிய மரங்கொத்திகளுக்கும் பட்டுப்போன முதுமரம் வேண்டும். இவை கூடுகட்டி வாழுமிடம் ஒரு வகைக் காடு. கொண்டைக்குருவியும் பற்றைக் குருவிகளும் மிகுந்து, பொந்தில் வாழ்வன இல்லாதிருக்கும் இடம் வேறொரு வகை. இச்சான்றோடு மரங்களின் சுற்றளவும், பற்றையினுள் நிற்கும் புளியும் பனையும், தூர்ந்த கிணறும், உடைந்த குளக்கட்டும் சேர்த்து நோக்கப்படுமாயின் முதுகாடு எது, மூடிய வயல் எது என்பது பெருமளவிற்குத் தெளிவாகும். பறவை காணி உறுதி ஆகாது. உரிமையைத் தீர்ப்பது சட்டத்தின் வேலை. பற்றைக்காட்டிற்கும் தனக்குரிய பெறுமதி உண்டு என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆயினும் எல்லைக்கோட்டை அலுவலக மேசையில் வரைவதிலும் களத்தில் நடந்து வரைவது நேர்மையானது. நேர்மையான கணக்கெடுப்பு இரு சாராருக்கும் சில இடங்களிற் கசப்பாகவே இருக்கும். அதனாலேயே இரு சாராரும் அதனை வற்புறுத்திக் கேட்பதில்லைப் போலும்.

மக்கள் வாழ வழியின்றி நிற்கும் நாட்டில் குருவி எண்ணுவது கொழுத்தவரின் பொழுதுபோக்கு அன்றோ என்ற வினாவைத் தமிழ் மாணவரிடையே அடிக்கடி கேட்கலாம். வினாவிற் பொருள் உண்டு. பறவை பார்த்தல் நெடுங்காலம் தோட்டத்துரைமாரதும் அதிகாரிகளதும் கலையாக இருந்தது. இன்றும் விலையுயர்ந்த கருவிகளோடு வருவோரின் கலையாகத் தோன்றுகின்றது. அதனைச் சொல்பவர் வரலாற்றைத் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து பெறப்படும் முடிவு தலைகீழானது. அறிவு ஒரு வகுப்பாரின் கையில் இருந்ததாயின் அதனைக் கைப்பற்ற வேண்டுமேயன்றிக் கைவிடுதல் தகாது. சரணாலயத்தினுள் தனியார் காணி இருக்கலாம். தேசியப் பூங்காவோ அரச காணியில் மாத்திரம் அமைவது. அதனுள் அனுமதியின்றி நுழைதலும் குற்றம். ஆகவே ஒரு நிலத்தின் வகை மாறும்போது விறகு, தேன், மேய்ச்சல், பாதை என்பன யாவும் மாறுகின்றன. அம்மாற்றத்திற்குக் காரணமாகக் காட்டப்படும் அறிக்கையைப் படித்து, இக்கணக்கு எப்போது எடுக்கப்பட்டது, எவ்விடத்தில் எடுக்கப்பட்டது, எத்தனை நாள் எடுக்கப்பட்டது என்று வினவும் ஆற்றல் இல்லாத சமுதாயம், எதிர்ப்பு ஊர்வலம் மாத்திரமே நடத்த இயலும். குருவி எண்ணத் தெரியாதவன் தன் காணியையும் எண்ணிக் காக்க முடியாத காலம் இது.

வேறொரு சாரார் பழம்பெருமை பேசுவர். தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருளில் புள்ளையும் சேர்த்தது. முல்லைக்குக் காட்டுக்கோழியும் குறிஞ்சிக்கு மயிலும் கிளியும் வகுக்கப்பட்டன. ஆகவே சூழலியல் தமிழருக்குப் புதிதன்று என்பர். வகுத்தவர் பெருமைக்குரியவரே. அவர் வகுத்தது கண்ணாற் கண்டு வகுத்தது. அவ்வகுப்பை மனனம் செய்து பரீட்சையில் எழுதி, மடுக் காட்டில் முல்லைக்குரிய அக்காட்டுக்கோழி கூவும்போது அஃது எந்தப் பறவை என்று அறியாது நிற்பதில் என்ன பெருமை உளது? முன்னோர் கண்ணைத் திறந்து கண்டதைப் பின்னோர் கண்ணை மூடி ஒப்புவிப்பது மரபு பேணல் ஆகாது.

பெயர் விடயத்தில் இழப்பு இன்னும் பெரிது. 1878 முதல் 1880 வரை வெளிவந்த லெக்கின் இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூலிலும், 1955இல் வெளிவந்த ஹென்றியின் கைநூலிலும் பல பறவைகளுக்குச் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரும் தரப்பட்டுள்ளன. ஆங்கிலேயர் கேட்டு எழுதிய அப்பெயர்களைத் தமிழர் தாமே தொகுத்துச் சரிபார்த்து வளர்த்திருக்க வேண்டும். ஊர்ப்பெயர் வெறும் ஒலியன்று. அதனுள் அவதானிப்பு உண்டு. ஆறுமணிக்குருவி என்ற பெயர், அக்குருவி காலையும் மாலையும் குறித்த பொழுதிற் கூவுவதைச் சொல்கின்றது. ஆட்காட்டி என்ற பெயர், ஆள் வரவைக் கண்டு அது கத்துவதைச் சொல்கின்றது. எந்தப் பொழுதில் நின்று எண்ண வேண்டும் என்பதற்குக் கருவிநூல் கூறும் அறிவுரையின் ஒரு பகுதியைக் காட்டோரத்து மக்கள் பெயரிலேயே வைத்திருந்தனர். தேன் எடுப்பவரும் மாடு மேய்ப்பவரும் குளக்கட்டுக் காப்பவரும் ஆண்டு முழுவதும் காட்டில் நிற்பவர். கணக்கெடுப்பாளர் வரும்போது அவர்கள் வழிகாட்டிகளாகவும் சுமைகாவிகளாகவும் மட்டுமே கொள்ளப்படுகின்றனர். அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகின்றது. அவ்வறிக்கையால் வாழ்வு மாறுவோர் அதனைப் படிக்க இயலாதோராய் உள்ளனர். பின்னர் அவர்கள் காட்டின் பகைவர் என்று குற்றம் சாட்டப்படுவது எவ்வகை நீதி?

தென்னிலங்கையில் இப்பணிக்கு அமைப்புகள் இல்லாமலில்லை. இலங்கைப் பறவைக் கழகம் 1943 முதல் இயங்குகின்றது. நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை ஆண்டுதோறும் நடத்தி வருகின்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இலங்கைக் களப் பறவையியற் குழு 1976இல் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் 1974 முதல் பல்கலைக்கழகக் கல்வி உண்டு. மன்னாருக்கு அண்மையில் உள்ள வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. விஞ்ஞான பீட மாணவரின் இறுதியாண்டு ஆய்வுகள் ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு தலைப்பில் தொடங்கி வெவ்வேறு அலுமாரியில் முடிகின்றன. ஒரே காட்டின் ஒரே புள்ளிகளில் ஒவ்வோர் ஆண்டின் மாணவரும் தொடர்ந்து எண்ணுவார்களாயின், பத்தாண்டில் எந்த வெளிநாட்டு நிறுவனத்தாலும் விலைகொடுத்து வாங்க இயலாத தொடர்க் கணக்கொன்று உருவாகும். அதற்கு வேண்டுவன ஒரு சோடித் தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு, விடியலில் எழும் பழக்கம், முன்னவர் வேலையைத் தொடரும் பணிவு என்பனவே. கடைசியாகச் சொன்னது பல்கலைக்கழகங்களில் ஏனையவற்றிலும் அரிது.

ஆகவே செய்யப்பட வேண்டுவன தெளிவானவை. பிரகடனம் செய்யப்படும் ஒவ்வொரு காட்டிற்கும் குறைந்தது ஓராண்டு முழுமையான பறவைக் கணக்கெடுப்பு, எல்லா வகை நிலத்தையும் உள்ளடக்கி, நடத்தப்படல் வேண்டும். முறையும் நேரமும் மூலக் குறிப்புகளும் அறிக்கையோடு வெளியிடப்படல் வேண்டும். காட்டோர மக்கள் எண்ணுவோராக இணைக்கப்பட்டு அதற்குரிய ஊதியமும் பெறுதல் வேண்டும். அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் வெளிவந்து, பிரதேச செயலகத்திலும் பாடசாலையிலும் படிக்கக் கிடைத்தல் வேண்டும். முதற் கணக்கின் பின்னரே எல்லை உறுதிப்படுத்தப்படல் வேண்டும். ஐந்தாண்டிற்கு ஒருமுறை கணக்கு மீளவும் எடுக்கப்படல் வேண்டும். இவற்றுக்குப் பணம் இல்லை எனத் திணைக்களம் கூறுமாயின், எல்லைக் கற்களுக்கும் அறிவித்தற் பலகைகளுக்கும் பணம் வந்தவாறு எவ்வாறு என்று வினவுதல் தகும்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் இதிற் பங்குண்டு. முத்தமிழ் விழா நடத்தும் அதே ஊக்கத்தோடு காட்டோரக் கிராமங்களிற் பறவைப் பெயர்களைத் தொகுக்கும் பணியை ஓராண்டு எடுத்துப் பார்க்கலாம். விலங்கியல் மாணவனும் தமிழ் மாணவனும் ஒரே குறிப்பேட்டில் எழுத நேருமாயின் இரு துறைக்கும் அது நன்று. மாவில்லுக் காட்டின் எல்லை வரையப்பட்டு எட்டு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. மடு வீதி பூங்காவாகிப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. வாதங்கள் ஓயவில்லை. வாதிப்போர் கையில் எண்கள் இருக்குமாயின் காடும் சில ஹெக்டேயரை இழக்காது. மனிதரும் சில ஏக்கரை இழவார்.